முள் தேய்ந்தால் நஷ்டம் யாருக்கு?

"இசைத்தட்டு முள்ளைப் பற்றி வீட்டிலிருக்கும் பெண்களுக்கு என்ன வந்தது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் முப்பது வருஷமாகப் பரணில் கிடந்த பெட்டியைப் பிள்ளைகள் இறக்கி வைத்துக்கொண்டு, "அம்மா, இது பாடுமா?" என்று கேட்கிற காலமாக இருக்கிறது இது. காலேஜுக்குப் போகிற பெண்கள் புதிதாகவே ரிக்கார்டு பிளேயர் வாங்குகிறார்கள். தட்டைத் துடைப்பதும் அடுக்குவதும் எப்படியும் நம் தலையில்தான் விழப்போகிறது. அப்படி விழும்போது முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது முள்ளின் நிலைமையை. மிக்ஸி பிளேடு மழுங்கினால் சட்னி அரைபடாது, அன்றைக்கே தெரிந்துவிடும். இந்த முள் தேய்ந்தாலோ பாட்டு நிற்காது. பாட்டும் வந்துகொண்டிருக்கும், தட்டும் நாசமாகிக்கொண்டிருக்கும்.

எங்கள் ஊர் சேவூர். அவிநாசிக்கு வடக்கே, புளியம்பட்டி போகிற ரோட்டில் இருக்கிறது. வாலீஸ்வரர் கோயிலும் நிலக்கடலை ஏலமும் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். காலையில் பனியன் கம்பெனி வண்டிகள் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு திருப்பூர் போகும். நானும் அப்படிப் போனவள்தான். பத்து வருஷம் செக்கிங் மேஜையில் நின்று, துணியில் ஓட்டை, கறை, ஊசிக்கோடு பார்த்துத் தள்ளியிருக்கிறேன். அது இந்த விஷயத்தில் எப்படிக் கைகொடுத்தது என்று பின்னால் சொல்கிறேன்.

என் மாமனார் மைக்செட் வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் நோம்பி எதுவானாலும் சைக்கிளில் பெட்டி, தோளில் குழாய். தென்னை மரத்தில் குழாயைக் கட்டிவிட்டால் மூன்று ஊருக்குக் கேட்கும். நான் 1994-ல் கல்யாணமாகி வந்தபோது கேசட் வந்து எல்லாம் மாறிவிட்டது. தட்டுகள் மட்டும் இரண்டு மரப்பெட்டியில் பத்திரமாக இருந்தன. எம்.எஸ். அம்மாவின் சுப்ரபாதம், 'திருவிளையாடல்' கதை வசனம், நம் பக்கத்துக் கொடுமுடியில் 1908-ல் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் பாடிய பழைய 78 தட்டுகள். இவை தவிர, எங்கள் அத்தை யாரையும் தொடவே விடாத ஒரு சின்னத் தட்டு. 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகி பாட, காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரம் வாசித்தாரே, அந்தப் பாட்டு. அவர் 1964-லேயே காலமாகிவிட்டார். மாமா எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் தாலி கட்டி முடிந்ததும் அந்தத் தட்டைத்தான் வைப்பாராம். மாமா போன பிறகு அத்தைக்கு அது வெறும் பாட்டுத் தட்டு இல்லை. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முள் விஷயத்தைப் புரிந்துகொள்ள அந்த 78 தட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அது அரக்குத் தட்டு. நாம் வளையலுக்கு வைக்கிற அதே அரக்குதான். கல்தூள் முதலியவை கலந்து அச்சடித்தது. அதில் ஓட்டுவது எஃகு முள். சின்னத் தகர டப்பாவில் குண்டூசி போல நிறைய இருக்கும். ஒரு முள்ளுக்கு ஒரு பக்கம். மூன்று நிமிஷம் பாடியதும் கழற்றி எறிய வேண்டும். என்ன ஊதாரித்தனம் என்று நினைக்காதீர்கள். தட்டில் கலந்திருக்கும் தூள் முள்ளைச் சாணை பிடிப்பது போல உரசி, பள்ளத்துக்குத் தகுந்த வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். முள் தேயட்டும், தட்டு பிழைக்கட்டும் என்ற கணக்கு. அத்தை சொல்வார்கள்: "ராத்திரி பூரா முள்ளு மாத்தி மாத்தி உங்க மாமாவுக்குக் கட்டை விரலு மரத்துப் போயிருக்கும். கஞ்சத்தனம் பண்ணி ஒரே முள்ளுல நாலு பாட்டு ஓட்டறவனும் இருந்தான். அவன் ப்ளேட்டைப் பார்த்தா சாம்பல் பூத்துக் கெடக்கும்."

1948-ல் அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி எல்.பி. தட்டைக் கொண்டுவந்தது. நிமிஷத்துக்கு முப்பத்துமூன்றே கால் சுற்றுக்குக் கொஞ்சம் கூட; ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷம் பாடும். பள்ளம் மெல்லிசாகிவிட்டது, தட்டும் வினைல் ஆகிவிட்டது. இங்கே கணக்கு அப்படியே தலைகீழ். தட்டு மிருது, முள் நீலக்கல்லோ வைரமோ. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் ஓடும். அதனால்தான் முள் என்ற ஒன்று இருப்பதையே வீட்டில் எல்லோரும் மறந்துபோனார்கள். சூட்கேஸ் மாதிரி தூக்கிப் போகிற எச்.எம்.வி. ஃபியஸ்டா பெட்டி எத்தனை வீட்டில் இருந்தது! முள் மாற்றிய வீடு எத்தனை என்று கேட்டுப் பாருங்கள்.

நீலக்கல் முள்ளின் ஆயுள் சுமார் ஐம்பது மணி நேரம். மணிக்கு மூன்று பக்கம் என்றால் 150 பக்கம். தினம் இரண்டு பக்கம் கேட்கிற வீட்டில் இரண்டரை மாதத்தில் முடிந்தது. ஒரு பக்கம் ஓடி முடிக்கும்போது முள் பள்ளத்துக்குள் சுமார் 430 மீட்டர் போகிறது. 150 பக்கத்துக்கு 65 கிலோமீட்டர் வந்துவிடும். இங்கிருந்து கோயமுத்தூர் போய், பாதி வழி திரும்பி வருகிற தூரம். அத்தனையும் தலைமுடியைவிட மெல்லிய ஒரு கல் நுனி நடந்து தீர்க்க வேண்டும். வைரமானால் இதைப்போலப் பத்து மடங்கு, 500 மணி என்று வைத்துக்கொள்ளலாம். வைரத்திலும் வடிவம் உண்டு. ஆடியோ டெக்னிகா கம்பெனி தன் முட்களுக்குச் சொல்லும் கணக்குப்படி, நுனி உருண்டையானது 500 மணி, முட்டை வடிவில் இருப்பது 300 மணிதான். முட்டை வடிவம் துல்லியமாகப் பாடும். ஆனால் சீக்கிரம் போய்விடும். விலை அதிகம் கொடுத்ததால் அதிக நாள் வரும் என்று எண்ணிவிடாதீர்கள்.

இனி என் செக்கிங் மேஜைக்கு வருகிறேன். பனியன் துணி தைக்கிற ஊசி மற்ற ஊசி மாதிரி கூராக இருக்காது. பால் பாயிண்ட் ஊசி என்பார்கள், நுனி உருண்டிருக்கும். நூலைக் குத்தாமல் ஒதுக்கிவிட்டு இடையில் புகும். அந்த நுனி உடைந்து கூராகிவிட்டால் போச்சு, தைத்த இடமெல்லாம் பொத்தல். தட்டு முள்ளும் அதே ஜாதி. முள் 'மழுங்கிவிட்டது' என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். நடப்பது அதற்கு நேர்மாறு. நல்ல முள்ளின் நுனி உருண்டையாக, வழவழவென்று இருக்கும். பள்ளத்தின் இரண்டு சுவரிலும் உரசி உரசி இரண்டு பக்கமும் தட்டையாகிவிடும். தட்டைக்கும் உருண்டைக்கும் நடுவில் ஒரு விளிம்பு வரும். உளியின் விளிம்பு போல அது கூர்மை. பள்ளத்தின் சுவரில் இருக்கிற நுணுக்கமான அலைகளை அது செதுக்கித் தள்ளும். அந்த அலைதான் பாட்டு! செதுக்கிப் போனது திரும்பி வராது. புது முள் போட்டாலும் வராது.

இரண்டு வருஷத்துக்கு முன் என் மகள் காலேஜ் லீவில் வந்தபோது பெட்டியை இறக்கிவிட்டாள். பிளேயர் ஓடவில்லை. பக்கத்து ஊரில் ஒரு கடையில் கொடுத்துப் பெல்ட்டும் ஒயரும் சரி செய்து வாங்கி வந்தோம். முள்ளைப் பற்றி நான் கேட்டேன். "முள்ளு சூப்பரா இருக்குங்க. பாட்டு வருதுல்லங்க?" என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து, ஓரம் உடைந்த ஒரு பழைய சினிமாத் தட்டைப் போட்டோம். பாட்டு வந்தது. மகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்து ஜானகியம்மா தட்டை எடுத்துவிட்டாள். கொல்லையில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்த அத்தை அங்கிருந்தே குரல் கொடுத்தார்கள்.

"கண்ணு, நிறுத்தாயா அதெ. முள்ளு போயிருச்சு."

"பாட்டு நல்லாத்தான வருது அப்பத்தா?"

"பொம்பள கொரலைக் கேளு. வார்த்தை முடியற எடத்துல எண்ணெயில கடுகு விழுந்தாப்பல பொரியுது. அந்த முள்ளை வெச்சு அவங்க அப்பாரு ப்ளேட்டைத் தொட்டே, அப்புறம் பாரு!"

எண்பதைத் தாண்டிய காது. ஸ்க்ரீனும் மீட்டரும் இல்லாமல், முப்பது அடி தூரத்திலிருந்து. மறுநாள் என் நாத்தனார் மகன் படிக்கிற காலேஜில் மைக்ராஸ்கோப் அடியில் வைத்துப் பார்த்துவிட்டுப் போட்டோ அனுப்பினான். நுனியில் இரண்டு பக்கமும் ஜன்னல் கண்ணாடி போல இரண்டு தட்டை. வெளிச்சம் பட்டுப் பளபளவென்று மின்னியது. நல்ல முள்ளில் அப்படி இரண்டு இடம் தனியாக மின்னாது. இதற்கு நூறு மடங்காவது பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி வேண்டும். துணியில் இழை எண்ணுகிற மடக்குக் கண்ணாடியால் நான் முதலில் பார்த்தேன். அது பத்து மடங்குதான் காட்டும். அழுக்கு, நுனி உடைந்தது, தண்டு வளைந்தது இவையெல்லாம் அதில் தெரியும். தேய்மானம் தெரியாது. வெறும் கண்ணால் பார்த்து "நல்லா இருக்கு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்படியானால் வீட்டில் எப்படித்தான் கண்டுபிடிப்பது? அத்தை செய்வதையும் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் முள்ளைச் சுத்தம் செய்யுங்கள். பாதிப் புகார் அழுக்கோடு போய்விடும். மிருதுவான சின்னப் பிரஷால், பின்னாலிருந்து முன்பக்கமாக மட்டும் இழுக்க வேண்டும். தட்டும் அந்தத் திசையில்தான் போகிறது. பக்கவாட்டில் தேய்த்தால் முள்ளைத் தாங்கும் மெல்லிய தண்டு வளைந்துவிடும். விரலால் தடவுகிற பழக்கம் வேண்டாம். குழந்தைகள் இருக்கிற வீட்டில் பிளேயரை மூடி வையுங்கள், இதற்கு மேல் நான் சொல்ல வேண்டாம்.

பிறகு, சின்னக் கண்ணாடி ஒன்றைத் தட்டு வைக்கிற இடத்தில் வைத்து, முள்ளை மெதுவாக அதன் மேல் இறக்குங்கள். நேர் எதிரே குனிந்து பாருங்கள். முள்ளும் அதன் நிழலும் ஒரே நேர்கோடாக இருக்க வேண்டும். பட்டை மாதிரி உடைந்து தெரிந்தால் தண்டு சாய்ந்திருக்கிறது, அல்லது தலை கோணலாக மாட்டியிருக்கிறது. பக்கத்திலிருந்தும் பாருங்கள். காட்ரிட்ஜின் வயிறு தட்டைத் தொடுகிற மாதிரி இறங்கியிருந்தால், தண்டைப் பிடித்திருக்கும் ரப்பர் தளர்ந்துவிட்டது.

மூன்றாவது காது. இதற்குக் கண்டிப்பாக ஒரு 'பலி தட்டு' வேண்டும். கெட்டாலும் மனம் நோகாத தட்டு, ஆனால் அதிகம் ஓடாதது. பெண் குரலாக இருந்தால் நல்லது. முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் கேளுங்கள். வெளி ஓரத்தில் பள்ளம் முள்ளுக்கு அடியில் நொடிக்கு 51 சென்டிமீட்டர் ஓடுகிறது. உள்ளே போகப் போகக் குறைந்து கடைசியில் 21 ஆகிவிடும். அதே பாட்டை அவ்வளவு சின்ன இடத்துக்குள் எழுத வேண்டியிருப்பதால் அலைகள் நெருக்கமாகிவிடும். தட்டையான முள்ளால் அந்த நெருக்கத்துக்குள் நுழைய முடியாது. அதனால் 'ச', 'ஸ', 'ஷ' வருகிற இடமெல்லாம் கடைசிப் பாட்டில் சீறும், தெறிக்கும். அத்தை சொன்ன கடுகு இதுதான். நாதஸ்வரமும் குரலும் ஒன்றையொன்று துரத்துகிற இடத்தில் இரண்டும் தனித்தனியாகக் கேட்காமல் ஒரே இரைச்சலாகக் குழம்பும்.

ஒரே ஒரு தட்டில் மட்டும் சீறினால் குற்றம் தட்டில். எந்தத் தட்டைப் போட்டாலும் உள்பக்கம் சீறினால் முள்ளை, இல்லாவிட்டால் தலை மாட்டியிருக்கும் கோணத்தைச் சந்தேகிக்க வேண்டும். பனியன் கம்பெனியில் ஒரு துணியில் கறை இருந்தால் துணியைத் தள்ளுவோம். வருகிற துணியிலெல்லாம் ஒரே இடத்தில் நீளமாகக் கோடு விழுந்தால் துணியைத் திட்டிப் பயனில்லை, மெஷினில் ஊசியைத் தேடிப் போவோம். அதே புத்திதான்.

முள் வேறு, காட்ரிட்ஜ் வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். முள்ளின் அசைவை மின்சாரமாக மாற்றுகிற சின்னப் பெட்டிதான் காட்ரிட்ஜ். பழைய பெட்டிகள் பலவற்றில் கிரிஸ்டல் காட்ரிட்ஜ் இருக்கும். ரோஷெல் உப்பு என்று ஒரு உப்புக் கட்டிதான் அதற்குள் இருக்கிற ரகசியம். உப்பு என்றாலே தெரியுமே, ஈரம் ஆகாது! ஐப்பசி மழையில் கசியும். ஓட்டு வீட்டுப் பரணில் சித்திரை வெயிலும் ஆகாது. அப்படிக் கெட்டுப் போனால் சத்தம் மெலிந்து, மேளத்தின் கனம் போய், சளி பிடித்தவர் பேசுகிற மாதிரி கேட்கும். அதற்கு எத்தனை புது முள் போட்டாலும் பணம்தான் வீண். அந்த இடத்தில் செராமிக் காட்ரிட்ஜ் போட்டுக்கொள்ளலாம். அது ஈரத்துக்கு அசையாது. இப்போது வருகிற பிளேயர்களில் நிறையக் காந்த வகைதான். அதில் காந்தம் கெடுவது அபூர்வம். கெடுவது முள்ளும் ரப்பரும். ஆகவே "பெட்டியில் போட்டபடி இருக்கிறது, முப்பது வருஷத்துச் சரக்கு, ஓட்டவே இல்லை" என்று யாராவது பழைய முள் விற்றால் யோசியுங்கள். ஓடாமலே ரப்பர் இறுகிப் போயிருக்கும்.

ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் சத்தம் வரவில்லையா? காட்ரிட்ஜின் பின்னால் நாலு மெல்லிய ஒயர் இருக்கும். வெள்ளையும் நீலமும் இடது பக்கம். சிவப்பும் பச்சையும் வலது. தெரிந்தவரைக் கொண்டு இரண்டு ஜோடியையும் மாற்றிப் போடச் சொல்லுங்கள். ஊமை அடுத்த ஸ்பீக்கருக்குத் தாவினால் காட்ரிட்ஜ் குற்றம். இருந்த இடத்திலேயே இருந்தால் ஒயரிலோ ஆம்ப்ளிஃபயரிலோ தேடட்டும்.

முள் தாவுகிறது என்று தலைமேல் நாலணாக் காசு வைப்போமே, நினைவிருக்கிறதா? அதைப் பார்த்தால் எனக்கு இப்போது வயிற்றைக் கலக்குகிறது. அந்த நாலணா இரண்டரை கிராம். காந்தக் காட்ரிட்ஜ் பெரும்பாலும் இரண்டு, மூன்று கிராம் எடைக்குள் ஓடுகிறது. அதன் மேல் இரண்டரை! தலைப்பாரம் குறைந்தாலும் கெடுதல்தான். முள் பள்ளத்தில் உட்காராமல் சுவரில் மோதி மோதிக் காயப்படுத்தும். கம்பெனி சொன்ன அளவை வைப்பதே நல்லது. சின்ன டிஜிட்டல் தராசு கிடைக்கிறது.

எங்கள் பிளேயருக்குப் புது முள் ஆன்லைனில் வாங்கினோம். அரக்குத் தட்டுக்குத் தனி முள் வேண்டும். அதன் பள்ளம் அகலம், நுனி எல்.பி. முள்ளைவிட மூன்று மடங்கு பருமனாக இருக்க வேண்டும். எல்.பி. முள்ளைப் போட்டால் அடியில் கிடக்கிற குப்பையைக் கிளறிக்கொண்டு போகும். அதனால் சுந்தராம்பாள் இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறார்.

புது முள் வந்த அன்று உடைந்த சினிமாத் தட்டை நாலு தடவை ஓட்டச் சொன்னார்கள் அத்தை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். பிறகு சுப்ரபாதம் ஒரு பக்கம். கடைசி வரைக்கும் ஒரு 'ஸ' கூடச் சீறவில்லை. அதற்கும் அடுத்த வாரம்தான் மாமாவின் தட்டைத் தாமே எடுத்து, புடவைத் தலைப்பால் துடைக்கப் போனார்கள். "வேண்டாமுங் அத்தே, பிரஷ் இருக்குது" என்று வாங்கித் துடைத்துக் கொடுத்தேன்.

காய்கறிக் கணக்கு எழுதுகிற நோட்டிலேயே பின்பக்கம் முள் கணக்கும் எழுதுகிறோம். தேதி, எத்தனை பக்கம். மூன்று பக்கத்துக்கு ஒரு மணி. முட்டை வடிவ முள், 300 மணி. 250 வந்ததும் மைக்ராஸ்கோப்புக்கு அனுப்புவதாக ஏற்பாடு. போன ஞாயிற்றுக்கிழமையோடு 131.